நான்கெல்லைக்கு உட்பட்ட பஞ்சவர்ணம்

பஞ்சவர்ணத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. அவள்மேலா, அவள் தம்பிமேலா என்று கேட்டால் இரண்டு பேர்மேலும்தான். தம்பிமேல் வருவது நியாயமான கோபம், யாரிடமும் சொல்லலாம். அவள்மேல் வருவதைச் சொன்னால், "பாவம்மா, அவங்களைப் போய் ஏன் திட்டுறீங்க" என்று என் மகள் ஆரணியே என்னிடம் சண்டைக்கு வருகிறாள். திட்டாமல் என்ன செய்வது? அறுபது வயதைத் தாண்டியவளுக்கு ஒரு கையெழுத்துப் போடத் தெரியவில்லை என்றால் திட்டத்தான் வேண்டும்.

லிட்டில் இந்தியாவில், கிளைவ் தெருவை ஒட்டிய ஒரு பழைய கடைவீட்டின் பின்கட்டில் பஞ்சவர்ணம் ரவிக்கை தைத்தாள். முன்வாசலில் அவளுக்குப் போர்டு கிடையாது. பின்சந்தில் நுழைந்து, சாப்பாட்டுக் கடைகளின் எண்ணெய்த் தகரங்களைத் தாண்டி, ஏர்கான் தண்ணீர் தலையில் சொட்டாமல் ஒதுங்கிப் போனால் ஒரு பச்சைக் கதவு வரும். தட்டினால், "தெறந்துதான் இருக்கு, வாங்க" என்று உள்ளேயிருந்து குரல் வரும். கல்யாணப் பெண்கள், டீச்சர்கள், பரதநாட்டியம் ஆடும் பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லாரும் அந்தச் சந்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். நானும் கிளமெண்டியிலிருந்து ரயில் மாறி ரயில் ஏறி அங்கேதான் போவேன். என் தோளுக்கு ஒழுங்காகக் கை வைத்துத் தைக்க இந்த ஊரில் வேறு யாருக்கும் தெரியாது.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. தைத்த ரவிக்கையை மடித்து, அதற்குள் மிச்சத் துணியையும் வைத்துக் கொடுப்பாள். விரல் அகலத் துண்டாக இருந்தாலும் கொடுப்பாள். "இதை வச்சு நான் என்ன பண்ணப் போறேன், குப்பையில போடு பஞ்சு" என்பேன். "நீங்க வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போடுங்கக்கா. அது உங்க துணி" என்பாள். துணி மிச்சம் பிடிக்காத தையல்காரியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அப்போது அது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

நான் வேலை பார்த்தது ஒரு வக்கீல் அலுவலகத்தில். வீடு, கடை, காணி வாங்குகிறவர்களுக்கும் விற்கிறவர்களுக்கும் பத்திரம் தயாரிக்கும் பிரிவு. எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. காணிச் சண்டை என்றால் எங்கள் ஆட்களுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம், அப்படியொரு பரம்பரை. அதனால்தானோ என்னவோ, பஞ்சு தன் வீட்டுக் கதையைச் சொன்னபோதெல்லாம் நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன்.

அவள் அப்பா கோவிந்தராசு அந்த வீட்டின் முன்பக்கத்தில் மளிகைக்கடை வைத்திருந்தார். அந்தப் பக்கத்து வீடுகளை யாரும் ஏறெடுத்துப் பார்க்காத காலத்தில் வாங்கிப்போட்டவர். பஞ்சுவை ஒரு கப்பல்பட்டறைக்காரனுக்குக் கட்டிக்கொடுத்தார். அவன் குடித்துவிட்டு வந்து கையை நீட்டினான். ஒருநாள் பஞ்சு தையல் மெஷினை ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். சொந்தக்காரர்கள் சமாதானம் பேச வந்தார்கள். கோவிந்தராசு அவர்களுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு, பின்கட்டில் அடுக்கியிருந்த அரிசி மூட்டைகளை முன்னால் கொண்டுவந்து போட்டார். காலியான இடத்தில் மெஷினை வைத்தாள். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

சில வருடம் கழித்து அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனது. மகள் நடுத்தெருவில் நிற்கக்கூடாது என்ற கவலை வந்தது. ஊரில் எப்படிச் செய்வார்களோ அப்படியே இங்கேயும் செய்தார். கோயில் நிர்வாகத்தில் இருந்த இரண்டு பெரிய மனிதர்களைக் கூப்பிட்டார். மகனையும் மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தடியை ஊன்றி வீட்டைச் சுற்றி வந்தார். நடுவில் வானம் தெரிகிற முற்றத்தில் நின்று இதுதான் நடு என்றார். இரண்டு பக்கச் சுவரையும் கையால் தொட்டுக் காட்டினார். வடக்கு வீட்டு ஆ கெங்கையும், தெற்கு வீட்டு அத்தர்க்கடை ஹாஜியாரையும் வெளியே அழைத்து, "இங்க எம் மக இருப்பா, தெரிஞ்சுக்குங்க" என்று மலாயில் சொன்னார். அதற்குப் பிறகு காகிதத்தில் எழுதினார்கள். பஞ்சு அதை என்னிடம் காட்டியிருக்கிறாள். பார்க்காமலே சொல்வாள்:

"நடுமுற்றத்துக்குக் கிழக்கு, பின்சந்துக்கு மேற்கு, ஆ கெங் வீட்டுச் சுவருக்குத் தெற்கு, ஹாஜியார் அத்தர்க்கடைச் சுவருக்கு வடக்கு. இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட பின்கட்டு, கீழும் மேலும், பின்வாசல் வழியாகப் போக வர நடைபாத்தியம் உட்பட, என் மகள் பஞ்சவர்ணத்துக்கு."

எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். தம்பி துரைசாமியும் போட்டான். அப்போது அவனுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை.

எனக்கு அந்தக் காகிதத்தைப் பார்த்தாலே எரிச்சல் வரும். அதில் எல்லாம் இருந்தது, ஒன்றைத் தவிர. சிங்கப்பூரில் ஒரு நிலத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரன் பெயரை வைத்து யாரும் அடையாளம் சொல்வதில்லை. ஊர் முழுவதையும் நகர்ப்பிரிவு என்றும் மூக்கிம் என்றும் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு லாட் எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அந்த எண்ணைச் சொன்னால் போதும், மூலைக்கு மூலை எத்தனை மீட்டர் என்று வரைபடம் வந்துவிடும். பக்கத்தில் ஆ கெங் இருந்தால் என்ன, செத்தால் என்ன. கோவிந்தராசுவின் வீடு மொத்தமும் ஒரே லாட். வாசலில் ஆட்கள் நடந்துபோகிற அஞ்சடிப் பாதை தொடங்கிப் பின்சந்து வரைக்கும் ஒரே எண். நடுமுற்றத்தில் கோடு கிழித்து இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தன் என்பது அந்த வீட்டில் இருந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் போன பிறகு வீட்டைப் பெயர் மாற்றப் போனார்கள். ஒரு லாட்டை இரண்டாகப் பிரிக்க அனுமதி அது இது என்று அலைய வேண்டும் என்றார்கள். "ஒரு பேர்ல இருக்கட்டும் அக்கா, உள்ளுக்குள்ள நமக்குத் தெரியாதா?" என்றான் துரைசாமி. பஞ்சு சம்மதித்தாள். இதெல்லாம் நான் அவளைப் பார்ப்பதற்கு முன்னால் நடந்தது.

சும்மா சொல்லக்கூடாது, ரொம்ப காலம் உள்ளுக்குள் எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது. பொங்கலுக்கு முற்றத்தில் இரண்டு பானை வைப்பார்கள், அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. முன்கட்டில் இருக்கிற சாமி அறைக்குப் போக வேண்டுமென்றால் பஞ்சு முற்றத்தில் நின்று, "லட்சுமி, வரலாமா?" என்று குரல் கொடுப்பாள். தம்பி மனைவி பாக்கியலட்சுமி, "என்ன அண்ணி இது, உங்க வீட்டுக்குள்ள நீங்க வர்றதுக்கு" என்று சலித்துக்கொள்வாள். ஆனாலும் அடுத்த முறை பஞ்சு கேட்டுவிட்டுத்தான் வருவாள். பாக்கியலட்சுமி துவைத்த துணியைப் பின்கட்டில் காயப்போட ஒருநாளும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

போன வருடம் ஆகஸ்டில் நான் ஒரு பட்டு ரவிக்கைக்கு அளவு கொடுக்கப் போயிருந்தேன். பின்சந்தில் இரண்டு பேர் மூன்றுகால் கருவி வைத்து அளந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தன் அவள் கதவுக்குப் பக்கத்தில் தரையில் இருந்த எல்லைக் குறியைத் துடைத்துப் படம் எடுத்தான். எனக்குச் சுருக்கென்றது. வேலையை விட்டு வந்தும் அந்த மூக்கு போகவில்லை.

"என்ன பஞ்சு, அளக்குறாங்க?"

"தம்பி இன்சூரன்ஸுக்குன்னு சொன்னான்லா."

"இன்சூரன்ஸ்காரன் எதுக்கு எல்லைக்கல்லைத் தேடுறான்?"

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே இருந்தாள். நான் வீட்டுக்குப் போய், பதிவேட்டில் தேடிப் பார்த்தேன். அதற்கு ஒரு சின்னக் கட்டணம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உரிமையாளர் என்று துரைசாமி பெயர் ஒன்றுதான் இருந்தது. அதற்குக் கீழே, இந்த லாட் முழுவதையும் வாங்க ஒப்பந்தம் போட்டிருப்பதாக ஒரு ஹோட்டல் கம்பெனி பதிந்திருந்தது. அந்த வாரம்தான் பதிந்திருந்தார்கள். நான் உடனே பஞ்சுவுக்குப் போன் போட்டேன். மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் "முன்பக்கத்தைத்தான் விக்கிறானா இருக்கும்" என்றாள்.

அடுத்த நாளே அவளை வாகீசனிடம் இழுத்துக்கொண்டு போனேன். என் பழைய முதலாளியின் மகன். அப்பா மாதிரி இல்லை, பொறுமையான பையன். அவள் காகிதத்தை வாங்கி நிதானமாகப் படித்தான். துரைசாமியின் கையெழுத்தை இரண்டு தடவை பார்த்தான்.

"இது ஸ்ட்ராங்கா இருக்கு ஆன்ட்டி," என்றான் என்னைப் பார்த்து. "ஆனா கோர்ட்டுக்குப் போய் முடியறதுக்குள்ள வித்துடுவாங்க. முதல்ல கேவியட் போடணும்."

கேவியட் என்றால், இந்தச் சொத்தில் எனக்கும் பாத்தியதை உண்டு, என்னைக் கேட்காமல் கைமாற்றாதீர்கள் என்று பதிவேட்டில் போட்டு வைக்கிற தடை. அது மட்டும் உட்கார்ந்துவிட்டால் ஹோட்டல்காரன் பணம் கட்டத் தயங்குவான். துரைசாமி அக்காவிடம் வந்து பேசித்தான் ஆக வேண்டும். அவளுக்கிருந்த ஒரே பிடி அதுதான். நானும் வாகீசனும் அதை மாறி மாறிச் சொன்னோம். அவளும் தலையாட்டினாள். அரை மணி நேரத்தில் படிவம் தயாராகிவிட்டது.

பஞ்சு கையெழுத்துப் போடுவதற்குமுன் என்னிடம் கேட்டாள். "மேல என்னமோ நம்பர் இருக்கே, அது என்னக்கா?"

"லாட் நம்பர். உங்க வீடு."

"எங்கருந்து எங்க வரைக்கும்?"

எனக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. சொல்லித் தொலைத்திருக்கலாம். "அஞ்சடியிலருந்து பின்சந்து வரைக்கும். மொத்தமும்."

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். வைத்தது மட்டுமில்லை, இரண்டு கையையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள், யாரோ பிடித்து இழுத்துப் போட வைத்துவிடுவார்கள் என்பதுபோல.

"அதுல தம்பி வீடும் வருதே."

"லேண்ட் டிஸ்கிரிப்ஷன்ல முழு லாட்தான் ஆன்ட்டி போட முடியும்," என்றான் வாகீசன். "உங்க கிளெய்ம் என்னங்கிறது கீழ தனியா வரும். பின்பக்கம் மட்டும்தான்னு அங்க தெளிவா எழுதியிருக்கேன்."

"மேல எழுதுனதுக்கும் சேர்த்துத்தானே சார் கீழ என் கையெழுத்து? அவன் படுக்கிற ரூமு, சாமி ரூமு எல்லாம் அதுல இருக்கு. அதெல்லாம் என்னோடது இல்ல. அப்பா முற்றத்துலேயே நின்னுட்டாரு."

"உன்னோடதுன்னு சொல்லல பஞ்சு. விக்காதேன்னுதான் சொல்றோம்," என்றேன்.

"அவன் பாதியை அவன் விக்கட்டுமேக்கா. அதைத் தடுக்க நான் யாரு?"

"பாதியை விக்க முடியாது ஆன்ட்டி," என்றான் வாகீசன். "பாதின்னு ஒண்ணு ரெஜிஸ்டர்லயே இல்ல."

பஞ்சு அவன் பக்கம் திரும்பினாள். "அப்ப இவ்வளவு நாளா நான் எங்க சார் இருக்கேன்?"

அவன் படிவத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டான். எனக்கு அவள் கன்னத்தில் ஒன்று விட வேண்டும்போல இருந்தது. எதிராளி வீட்டை மொத்தமாக முழுங்கக் கிளம்பியிருக்கிறான், இவள் அவன் படுக்கையறையைத் தொட்டால் பாவம் என்கிறாள். வாய்க்கு வந்தபடி பேசினேன். அப்பா உனக்கு வீடு கொடுத்தாரா, வீம்பு கொடுத்தாரா என்று கேட்டேன். அவள் அழவில்லை. பின்கட்டை மட்டும் எழுதினால் இப்போதே கையெழுத்துப் போடுகிறேன் என்றாள். அந்த நான்கெல்லையை வாகீசனுக்கு ஒருமுறை ஒப்பித்தும் காட்டினாள், அவன் எழுதிக்கொள்வான் என்று நினைத்து.

அவன் என்ன செய்வான்? ஆ கெங் செத்து அந்த வீடு இப்போது முதுகுப்பைக்காரர்கள் தங்குகிற விடுதி. ஹாஜியார் கடை இருந்த இடத்தில் முத்து முத்தாக ஏதோ போட்டு டீ விற்கிறார்கள். அவள் சொல்கிற எல்லைகளில் மிச்சமிருப்பது முற்றமும் பின்சந்தும்தான். கடைசியில் அவனே அரைமனதாக ஒரு வழி சொன்னான். சர்வேயரை வைத்துப் பின்கட்டை மட்டும் அளந்து ஒரு பிளான் வரைந்தால், அதை வைத்து இந்தப் பகுதிக்கு மட்டும் என்று போட முயற்சி செய்யலாம். ஏற்றுக்கொள்வார்களா என்பது சந்தேகம். நாள் ஆகும். "அதுவரைக்கும் இதைப் போட்டு வைக்கலாம் ஆன்ட்டி, அப்புறம் எடுத்துடலாம்" என்று மறுபடி கெஞ்சினான்.

"ஒரு நாளைக்குன்னாலும் அது அவன் எடம் சார்," என்றாள்.

கோபத்தில் நான் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அந்த வாரத்தில் அவள் செய்த வேலையைத்தான் இன்றுவரை என்னால் செரிக்க முடியவில்லை. வாகீசன் ஏற்பாடு செய்த சர்வேயர் அவளுக்குப் போன் பண்ணி, பின்பக்கத்தை மட்டும் அளக்க முடியாது, முன்வாசல் எல்லையிலிருந்து அளந்து வந்தால்தான் சரியாக வரும் என்றிருக்கிறார். முன்பக்கம் தம்பி வீடு. தம்பி வீட்டுக்குள் ஆள் வருவதென்றால் தம்பியிடம் கேட்க வேண்டும். கேட்டிருக்கிறாள்!

அவளே போன் போட்டு என்னிடம் பெருமையாகச் சொன்னாள். "தம்பிகிட்ட பேசிட்டேன்க்கா. முற்றத்துல நின்னு கூப்பிட்டேன், வந்தான். அப்பா கொடுத்த பங்கை நான் பதியப் போறேன், அளக்க ஆள் வருது, முன்பக்கம் கொஞ்சம் விடுன்னு கேட்டேன்."

"என்ன சொன்னான்?" என்று கேட்டேன்.

"சரிக்கா, உன் பங்கு எங்கயும் போகாது, தீபாவளி வேலை முடியட்டும், வீடெல்லாம் பிரிச்சுப் போட்டிருக்கு, முடிஞ்சதும் அளந்துக்கலாம்னான். எனக்கும் கையில தைக்க வேண்டிய துணி அவ்வளவு கெடக்குலா. சர்வேயர்கிட்ட தீபாவளி கழிச்சு வாங்கன்னு சொல்லிட்டேன்."

"பஞ்சு, நாளைக்குக் காலையில வா. வாகீசன் ஆபீஸுக்குப் போவோம். அந்த லாட் நம்பரைப் போட்டு..."

"அவன் வாயால சொல்லிட்டான்க்கா," என்றாள் அவள். "இதுக்கு மேல அவன் வீட்டையும் சேர்த்து எழுதினா நான் மனுஷியா?"

தீபாவளிக்கு முந்தின வாரம் விற்பனை முடிந்தது. அது அவளுக்குத் தெரிந்தது ஒரு நோட்டீஸ் மூலம். ஹோட்டல் கம்பெனியின் வக்கீல்கள் அனுப்பியது. லாட் எண் முழுவதும் இப்போது தங்கள் கட்சிக்காரருக்குச் சொந்தம், பின்பகுதியில் தற்போது குடியிருப்பவர் மாத இறுதிக்குள் காலி செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தது. நான் படித்துக் காட்டினேன். பெயர் போடவில்லை. பஞ்சவர்ணம் என்று ஒருத்தி இருப்பதாகவே அதில் இல்லை.

வாகீசன் தலையில் கையை வைத்துக்கொண்டான். வாங்கியவன் பதிவேட்டைப் பார்த்து வாங்கியிருக்கிறான், அவனிடமிருந்து இனி இடத்தைப் பிடுங்க முடியாது, தம்பிமேல் காசு கேட்டு வழக்குப் போடலாம், நிச்சயம் கிடைக்கும் என்றான்.

"நான் காசு கேக்கலையே சார்," என்றாள். அவ்வளவுதான்.

நான் சொன்னேன், காலி பண்ணாதே, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார், போலீஸ் வரட்டும், பேப்பரில் போடட்டும். கேட்டாளா? "இப்ப அது அவங்க எடம்க்கா" என்றாள். தீபாவளித் துணி ஒன்று பாக்கியில்லாமல் தைத்துக் கொடுத்தாள், மிச்சத் துண்டுகளோடு. துரைசாமி பின்கதவில் வந்து ஏதோ கொடுக்கப் பார்த்தான். திறக்கவில்லை. மாதக் கடைசியில் மெஷினையும் கட்டிலையும் வேனில் ஏற்றிக்கொண்டு மார்சிலிங்கில் ஒரு வாடகை அறைக்குப் போய்விட்டாள். வீட்டுக்காரி ஒரு மலாய்க்காரி. நல்ல மனுஷி, ஆனால் ஒன்பது மணிக்கு மேல் மெஷின் சத்தம் கூடாது. ரவிக்கைக்கு அவ்வளவு தூரம் யார் போவார்கள்? அக்கம்பக்கத்தில் பள்ளிச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுக்கிறாள்.

துரைசாமியை நான் மார்ச்சில் பார்த்தேன். தேக்கா மார்க்கெட்டில் ஆட்டிறைச்சிக் கடை முன்னால் நின்றுகொண்டிருந்தான். புதுக் கண்ணாடி போட்டிருந்தான். என்னைப் பார்த்ததும் சிரித்தான், அதுதான் எனக்கு வெறி ஏற்றியது. வெட்டிக்கொண்டிருந்த கடைக்காரர் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்க்கிற அளவுக்குச் சத்தம் போட்டேன்.

"சொந்த அக்காவைத் தெருவுல விட்டுட்டு உனக்கு ஆட்டுக்கறி இறங்குதாடா?"

அவன் அசரவில்லை. இறைச்சிப் பையை வாங்கிக்கொண்டு என்னை ஓரமாக வரச் சொன்னான். குரலைத் தாழ்த்திப் பேசினான். வங்கியில் கடன் தலைக்கு மேல் போய்விட்டதாம். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை.

"நீங்க அவளை லாயர்கிட்ட கூட்டிட்டுப் போனீங்கன்னு தெரியும்," என்றான். "ஒரு கேவியட் போட்டிருந்தா வாங்குறவன் ஓடியிருப்பான். என் லாயர்கூட பயந்தாரு, உங்க அக்கா போட்டுட்டா என்ன பண்றதுன்னு. நான்தான் சொன்னேன், அவ போடமாட்டா சார்னு. முன்பக்கம் என்னோடது. என் எடத்தைச் சேர்த்து எழுத அவளுக்குக் கை வராது."

சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். வெட்கப்பட்டானா என்று எனக்குத் தெரியவில்லை, பட்டிருந்தால் அது எனக்கு வேண்டாம். கையில் இருந்த மீன் பையால் அவன் முகத்தில் அடிக்கத் தோன்றியது. வயதாகிவிட்டது, அடிக்கவில்லை.

அங்கிருந்து நேரே ரயில் ஏறி மார்சிலிங் போனேன். அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று வழி முழுக்க யோசித்தேன். சொன்னால் இனியாவது ரோஷம் வந்து காசுக்காவது வழக்குப் போடுவாள் என்று நினைத்தேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து ஒரு பள்ளிக்கூடப் பாவாடைக்கு விளிம்பு மடித்துக்கொண்டிருந்தாள். அவன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவன் குரலிலேயே சொன்னேன். வலிக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

பஞ்சு ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினாள்.

"முன்பக்கம் என்னோடதுன்னா சொன்னான்?"

"ஆமா."

"மொத்தமும் என்னோடதுன்னு சொல்லலையே?"

"சொல்லல."

"முன்பக்கம் அவனோடதுன்னா, அப்ப பின்பக்கம் என்னோடதுன்னு அவனுக்குத் தெரியும்லக்கா." மடித்த விளிம்பை விரலால் நீவினாள். "தெரிஞ்சுதான வித்திருக்கான். நான்கூட நெனச்சேன், அவன் மறந்துட்டானோன்னு."

"தெரிஞ்சு வித்தா பெரிசா, மறந்து வித்தா பெரிசா? உனக்கு அது போதுமா பஞ்சு?"

"போதாது," என்றாள். "எங்க போதும்?"

அதற்குப் பிறகுதான் அழுதாள். நான் பார்க்க அவள் அழுதது அன்றைக்குத்தான். பாவாடை நனைந்துவிடும் என்று அதை முதலில் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு அழுதாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்கவும் தோன்றவில்லை, திட்டவும் வாய் வரவில்லை. பக்கத்து அறையில் வீட்டுக்காரி டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். அவள் அழுது முடிக்கும்வரை நான் அந்தக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.